இரவல் சங்கிலி வழக்கு

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் டிலானி என்ற பிள்ளை என்னைப் பிடித்துக்கொண்டாள். இங்கே இத்தாலியில், பலெர்மோவில் பிறந்து வளர்ந்தவள், இப்போது நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். தன் வீட்டு மேசையில் கணினியை வைத்துக்கொண்டு, திரையில் தெரிகிற நீதிபதிக்கும் திரையில் தெரிகிற குற்றவாளிக்கும் நடுவில் இருந்து கதைக்கிறாளாம். “அங்கிள், நீங்கள் எல்லாத்துக்கும் நேரிலை கோட்டுக்குப் போய் வந்தனீங்களோ?” என்று கேட்டாள். நான் மாட்டுவண்டியில் போய்வந்தேனோ என்று கேட்டதுபோல எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “ஓம் பிள்ளை, படியேறித்தான் போனனான். மற்றது, தீர்ப்புச் சொல்லுமட்டும் ஆரையும் குற்றவாளி எண்டு சொல்லப்படாது” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது கோபம் போய்விட்டிருந்தது. அதற்குப் பதிலாக அந்தப் படிகள்தான் மனத்தில் நின்றன. வாசலில் துப்பாக்கியோடு நிற்கிற இளம் இராணுவத்தினர், குளிர்ந்த பளிங்குச் சுவர், மூன்றாம் மாடியில் தூசி மணக்கிற எங்கள் சின்ன அறை. எனக்கு அந்த இடம் வேண்டும் போலிருந்தது. எழுபது கடந்த மனிசன் ஒரு கோட்டு அறைக்கு ஏங்குகிறான் என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நான் சட்டம் படித்தவன் அல்ல. யாழ்ப்பாணத்தில் ஒரு வழக்கறிஞரிடம் கிளாக்காக இருந்தேன். அவர் லண்டனில் படித்துவிட்டு வந்தவர், இங்கிலாந்துச் சட்டத்தில் பெரிய காதல். வழக்கில்லாத மத்தியானங்களில் எனக்கு வகுப்பெடுப்பார். இங்கிலாந்தில் குற்றங்கள் மூன்று வகை என்பார். சின்னக் குற்றம் நீதவானோடு முடிந்துவிடும். பெரிய குற்றம் யூரிமார் என்ற நடுவர் குழு முன்னால் போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை உண்டு, அது எங்கே விசாரிக்கப்பட வேண்டும் என்பதில் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் ஒரு சொல் உண்டு. களவு அந்த நடு வகை. “அங்கை களவு எண்டால், எடுத்ததைத் திருப்பிக் குடாமல் வைச்சிருக்கிற எண்ணம் இருக்கவேணும் அந்தோனி. அந்த எண்ணம் இல்லாட்டில் அது களவில்லை” என்று அவர் சொன்னது எனக்கு ஏனோ அப்படியே பதிந்துவிட்டது. எங்கள் ஊர்ச் சட்டம் அவ்வளவு தாராளம் இல்லை என்றும் சொல்லுவார்.

பிறகு சண்டை, கொழும்பு, ரோமாபுரி, கடைசியில் பலெர்மோ. வசதியானவர்கள் இருக்கிற பொலிதேயாமாப் பக்கம் மாடிப்படிகள் கழுவினேன். கோவிலில் ஒரு பாதிரியார் பின்னேரங்களில் இத்தாலியன் சொல்லித்தந்தார். ஒருநாள் கோட்டில் தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று கேட்டு ஆள் வந்தது, பாதிரியார் என்னைத் தள்ளிவிட்டார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அன்று தொடங்கியது, ஓய்வு பெறும்வரை விடவில்லை.

நான் போனது பிரெத்தூரா என்ற கீழ் நீதிமன்றத்துக்கு. ஒரே ஒரு நீதிபதி இருந்து விசாரிக்கிற இடம். களவு, அடிபிடி, பொய்ப் பத்திரம் எல்லாம் அங்கேதான். பெரிய வழக்குகளுக்குக் கீழே கம்பிக்கூண்டு வைத்த மண்டபங்கள் இருந்தன, படப்பிடிப்புக்காரர் எல்லாம் அங்கே நிற்பார்கள். எங்கள் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. எங்களுடைய சனங்களின் கண்ணீர் எல்லாம் அந்த மூன்றாம் மாடியில்தான் சிந்தியது.

அங்கே பதிவாளராக இருந்தவர், தொத்தோர் என்று எல்லோரும் மரியாதையாகக் கூப்பிட்ட சால்வோ. மெலிந்த மனிதர், மெல்லிய குரல், கோடையிலும் கழுத்துப்பட்டி. என்னுடைய மேலதிகாரி என்று சட்டப்படி சொல்ல முடியாது, ஆனால் என்னை ஆளாக்கியவர் அவர்தான். முதல் நாள் நான் “இவர் சொல்கிறார், தான் அந்த இடத்தில் இருக்கவில்லையாம்” என்று மொழிபெயர்த்தேன். விசாரணை முடிந்ததும் என்னை யன்னலடிக்குக் கூட்டிப்போனார்.

“அவர் ‘இவர் சொல்கிறார்’ என்று சொன்னாரா?”

“இல்லை.”

“‘நான்’ என்றுதானே சொன்னார்? நீங்களும் ‘நான்’ என்றே சொல்லுங்கள். அவர் அழுதால் நீங்கள் அழவேண்டாம். அவர் பொய் சொன்னால் அந்தப் பொய்யை ஒழுங்காகச் சொல்லுங்கள். உங்கள் சட்டைப்பையில் இருந்து ஒரு சொல்லும் எடுக்கவேண்டாம்.”

அதுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி முழுவதும். பிறகு ஒவ்வொரு விசாரணைக்குப் பிறகும் அதே யன்னலடியில், நான் கூட்டின சொல், விட்ட சொல் எல்லாவற்றையும் விரல் மடக்கிச் சொல்லுவார். ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. பிழை அதிகமான நாள்களில் கோப்பியும் வாங்கித் தருவார், அதுதான் இன்னும் வெட்கம்.

விசாரணை தொடங்க முன் நீதிபதி எனக்கு ஒவ்வொரு முறையும் நினைவூட்டுவார்: உண்மை விளங்கவேண்டும் என்பதைத் தவிர வேறு நோக்கம் இல்லாமல் வேலை செய்ய வேண்டும், கேட்டதை வெளியில் கதைக்கக்கூடாது. நான் ஒப்புக்கொள்கிறேன் என்பேன். அதற்குப் பிறகு நான் அந்தோனி இல்லை. கத்தியால் குத்தியவன் நான், குத்து வாங்கியவன் நான், கைப்பிள்ளைக்காரியும் நான். கல்யாணம் கட்டாத எனக்கு “என் மனைவி”, “என் மகள்” என்று வாய்நிறையச் சொல்லக் கிடைத்தது அந்த அறையில் மட்டும்தான். இப்போது அதுதான் எனக்கு இல்லாமல் போயிருக்கிறது.

டிலானி கேட்டதற்குப் பதிலாக ஒரே ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஆள்களின் பெயரை மாற்றிவிட்டேன்.

புவனம் என்று வைத்துக்கொள்வோம். அல்பெர்கேரியா என்ற பழைய பகுதியில் ஒரு அறையில் இருந்தாள். பொலிதேயாமாப் பக்கம் ஒரு சின்யோரா வீட்டில், அதாவது ஒரு இத்தாலிய எசமானி வீட்டில், வேலை. புருசன் சண்டையில் செத்துவிட்டான். மூன்று வயதுப் பையனைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு வந்தவள். வரும்போது ஏஜென்சிக்காரனுக்காகக் கழுத்துச் சங்கிலியை விற்றவள். பிறகு யாழ்ப்பாணம் முழுவதும் வன்னிக்குப் பெயர்ந்தபோது தங்கச்சியும் பிள்ளையுமாக மல்லாவிப் பக்கம் போய் ஒரு கொட்டிலில் இருந்தார்கள். பையனை இங்கே கூப்பிட இவள் விண்ணப்பம் போட்டிருந்தாள். வதிவிடப் பத்திரமான பெர்மெஸ்ஸோ பழுதில்லாமல் இருக்க வேண்டும், தண்டனை எதுவும் இருக்கக்கூடாது. அவளுக்கு உலகத்தில் வேறு அலுவலே இல்லை.

பையனுக்கு ஒரு படம் அனுப்ப நினைத்தாள். இடுப்பில் தூக்கி வைத்திருக்கும்போது அவன் எந்த நேரமும் அவளுடைய சங்கிலியைப் பிடித்து வாயில் வைப்பானாம். முகம் மறந்திருந்தாலும் சங்கிலி போட்ட கழுத்தைக் கண்டால் அடையாளம் பிடிப்பான் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. ஒரு சனிக்கிழமை, வேலை முடிந்ததும் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போகச் சொல்லிவிட்டு, சின்யோரா குடும்பத்தோடு கடற்கரை வீட்டுக்குப் போய்விட்டாள். புவனம் துடைத்துக்கொண்டிருந்த மேசையில் நகைப்பெட்டி. சங்கிலியை எடுத்துப் போட்டுக்கொண்டு, வேலை முடிந்ததும் ஸ்தாசியோனே என்ற ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் படம் பிடித்தாள். திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனதும் முதல் வேலையாகத் திரும்ப வைத்தாள்.

எங்கள் ஊரில் நகை இரவல் வாங்காத வீடு உண்டா? கல்யாணப் படங்களில் பாதிக் கழுத்துகளில் கிடப்பது பக்கத்து வீட்டு நகை. கேட்டு வாங்குவதுதான் முறை, ஆனால் உரிமையுள்ள வீடென்றால் எடுத்துப் போட்டுவிட்டுப் பிறகு சொல்லுகிறவர்களும் உண்டு. புவனம் சின்யோரா வீட்டைத் தனக்கு உரிமையுள்ள வீடு என்று நினைத்துவிட்டாள். அதோடு இரவல் வாங்கியதை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்று வளர்ந்தவள். சட்டியென்றால் நாலு பலகாரம் வைத்துக் கொடுப்போம். இவள் நகைப்பெட்டிக்குள் சங்கிலிக்குப் பக்கத்தில் ஒரு மல்லிகைப்பூவும் ஒரு துண்டு கற்கண்டும் வைத்தாள்.

இடையில் நடந்தது அவளுக்குத் தெரியாது. சின்யோரா ஞாயிற்றுக்கிழமையே திரும்பி வந்து, சங்கிலியைக் காணாமல், பொலிசுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டாள். அந்தக் கிழமை வந்துபோன தச்சன்மேல்தான் அவளுக்குச் சந்தேகம். செவ்வாய்க்கிழமை பெட்டியைத் திறந்தால் சங்கிலி இருக்கிறது, கூடவே பூவும் சீனிக்கட்டியும். திரும்பக் கிடைத்துவிட்டது என்று சொல்லப் போனாள். யார் வைத்தது என்று அவர்கள் கேட்டார்கள். புவனத்தைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். “நான்தான் வைச்சனான்” என்று அவள் சந்தோசமாகச் சொல்லியிருக்கிறாள்.

இத்தாலியில் குற்றங்களை அவர்கள் வேறு மாதிரியும் பிரிப்பார்கள். சில குற்றங்களுக்குப் பாதிக்கப்பட்டவர் முறையிட வேண்டும், அவர் முறைப்பாட்டை மீளப்பெற்றால் வழக்கும் முடிந்தது. மற்றவை அரசாங்கத்தின் வழக்கு, முறையிட்டவரே அழுதாலும் நிற்காது. அந்தக் காலத்தில் களவு இரண்டாவது வகை. அதிலும் வேலை செய்கிற வீட்டில் எடுத்தது என்று குற்றம் இன்னும் கனத்தது. சின்யோரா தனக்கு முறைப்பாடு வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தாள். யாரும் கேட்கவில்லை.

விசாரணையன்று காலை, நீதிமன்ற நடைபாதை வாங்கில் புவனம் உட்கார்ந்திருந்தாள். அரசாங்கம் கொடுத்த சட்டத்தரணி இளம் ஆள், கையில் அன்றைக்கு மட்டும் ஆறேழு வழக்குக் கட்டு. நல்ல பிள்ளை, ஆனால் நேரமில்லாத பிள்ளை. தண்டனையைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம், சிறைக்குப் போகவேண்டி வராது, பத்து நிமிசத்தில் வீட்டுக்குப் போகலாம் என்றார். நான் சொன்னேன். புவனத்தின் முகம் தெளிந்தது. எங்கள் ஊர் நீதவான் கோட்டில் சின்ன வழக்கென்றால் குற்றவாளி என்று சொல்லி, குற்றப்பணம் கட்டி, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அதுவும் இப்படித்தான் என்று நினைத்துவிட்டாள்.

“அந்தோனி அண்ணை, அப்ப ஓம் எண்டு சொல்லிவிடட்டோ? சொன்னால் மகன் வாறதுக்கு ஒண்டும் தடையில்லைத்தானே?”

இரண்டாவது கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். சட்டத்தரணி சொன்னதும் தண்டனைதான், குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில் பத்திரம் பார்க்கிறவனுக்குப் பத்து நிமிசத் தண்டனையும் தண்டனைதான். என் வாயில் லண்டன் சட்டமும் வந்து நின்றது. இங்கிலாந்தாக இருந்தால் நீ களவே செய்யவில்லை பிள்ளை என்று சொல்லத் துடித்தேன். சொல்ல எனக்கு உரிமை இல்லை. சட்டத்தரணியின் பக்கம் திரும்பி, அவள் கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். “நான் ஆம் என்று சொன்னால் என் மகன் வருவதற்குத் தடை இல்லைத்தானே?”

அவர் கட்டை மூடினார். “மகனா? எந்த மகன்?”

அவருக்கு யாரும் சொல்லவில்லை. வாங்கில் அவள் பக்கத்தில் இருந்து கேட்கத் தொடங்கினார். படம், சங்கிலி, திங்கட்கிழமை, கற்கண்டு எல்லாம் வந்தது. கற்கண்டு வந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு எழும்பி உள்ளே போய், தடித்த சட்டப் புத்தகத்தோடு வந்தார். அங்கே ஒரு பிரிவு இருந்தது. கொஞ்ச நேரம் பாவிக்க மட்டும் எடுத்து, பாவித்த உடனே திருப்பிக் கொடுத்தால் அது வேறு, சின்னக் களவு. அது முறைப்பாட்டோடு மட்டும் நடக்கிற வகை. “பேசித் தீர்க்க வேண்டாம். விசாரணைக்கே போவோம். ஆனால் நீதிபதி நம்பவேண்டும்” என்றார். நம்பாவிட்டால் தண்டனை முதல் சொன்னதைவிடக் கூடும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். புவனம் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு இருந்துவிட்டு, “சரி, நடந்ததைச் சொல்லுவம்” என்றாள்.

நீதிபதி வயதான பெண்மணி. கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். அரச தரப்பு, சனியிலிருந்து திங்கள்வரை வைத்திருந்தது கொஞ்ச நேரமா என்று கேட்டது. நியாயமான கேள்வி.

“ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை” என்றேன், புவனமாக. “கதவு திறக்க என்னிடம் வீட்டுத் திறப்பும் இல்லை. திங்கட்கிழமை சப்பாத்தைக் கழற்ற முதலே கொண்டுபோய் வைத்தேன்.”

“இந்தச் சீனிக்கட்டி எதற்கு?” என்று நீதிபதி கேட்டார்.

புவனம் என்னைப் பார்த்தாள். இது கூடத் தெரியாதா என்ற பார்வை. “இரவல் வாங்கினதை வெறுமையாக் குடுக்கப்படாதுதானே, அம்மா.”

நான் சொன்னேன். நீதிபதி சால்வோவைப் பார்த்தார், அவர் எழுதிக்கொண்டிருந்தார். “தடயத்தை மறைக்கிற கள்ளன் பூ வைக்கமாட்டான்” என்று மட்டும் சட்டத்தரணி சொன்னார்.

“ஏன் கேட்கவில்லை?” என்றார் நீதிபதி.

“அவ வீட்டிலை இல்லை. இருந்திருந்தால் கேட்டிருப்பன். தந்திருப்பா.”

நீதிபதி சாட்சிக் கதிரையில் இருந்த சின்யோராவிடம் திரும்பினார். “தந்திருப்பீர்களா?”

சின்யோரா கைப்பையைத் திறந்தாள், மூடினாள். “ஆம்” என்று சொல்லியிருந்தால் எல்லோருக்கும் இலகுவாக இருந்திருக்கும். நேர்மையான மனுசி, சத்தியம் செய்துவிட்டு இருக்கிறாள். “இல்லை. அன்று கேட்டிருந்தால் கொடுத்திருக்கமாட்டேன்” என்றாள்.

அதையும் நான் தமிழில் சொல்லவேண்டும். அந்த ஒரு வசனத்தை விழுங்கிவிடலாமா என்று இருந்தது. சொன்னேன். ஐந்து வருசம் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தலைவாரி விட்டவள் புவனம். அவள் சின்யோராவைப் பார்க்கவில்லை, தன்னுடைய கைகளைப் பார்த்தாள்.

நீதிபதி உள்ளே போய்த் திரும்பி வந்தார். நடந்தது கொஞ்ச நேரப் பாவிப்புக்காக எடுத்த சின்னக் களவு என்று தான் பார்ப்பதாகச் சொன்னார். முறைப்பாட்டை மீளப்பெறுகிறீர்களா என்று சின்யோராவைக் கேட்டார். கேள்வி முடிய முதலே சின்யோரா அழுதுகொண்டு ஆம் என்றாள். நான் மூச்சு விட்டேன். ஆனால் ஒரு படி மிச்சம் இருந்தது. மீளப்பெறுவதைக் குற்றஞ்சாட்டப்பட்டவர் மறுக்கவும் உரிமை உண்டு, ஆகவே அவளைக் கேட்கவேண்டும்.

“சின்யோரா முறைப்பாட்டை மீளப்பெறுகிறா. ஏற்றுக்கொள்ளுறீரோ?” என்று கேட்டேன்.

புவனம் சின்யோராவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மெதுவாக, “தரமாட்டன் எண்டவ இப்ப மன்னிக்கிறாவோ? நான் களவெடுக்கேல்லை, அண்ணை. எடுக்காத களவுக்கு நான் ஏன் மன்னிப்பு வாங்கவேணும்?” என்றாள்.

சட்டத்தரணி என்ன என்ன என்று என்னைக் கேட்டார். நீதிபதியும் காத்திருந்தார். “அண்ணை” என்ற சொல்லைக்கூட விடாமல் அப்படியே சொன்னேன். “எடுக்காத களவுக்கு நான் ஏன் மன்னிப்பு வாங்கவேண்டும்?” என்று நான் இத்தாலியனில் சொன்னபோது என்னுடைய குரல் எனக்கே கொஞ்சம் உரத்துக் கேட்டது.

நீதிபதி கோபப்படவில்லை. ஏற்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது என்று பொறுமையாக விளக்கினார். மறுத்தால் தான் தீர்ப்புச் சொல்லவேண்டும், அது எந்தப் பக்கமும் போகலாம் என்றார். நான் சொல்லி முடித்தேன்.

“மகன் கெதியா வாறது எதிலை?” என்று புவனம் கேட்டாள்.

அது நீதிபதி சொல்லக்கூடிய பதில் அல்ல. சட்டத்தரணி எழும்பி அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். “ஏற்றுக்கொள்வதில்” என்றார்.

“அப்ப ஓம் எண்டு சொல்லுங்கோ.”

“ஏற்றுக்கொள்கிறேன்” என்று சொன்னேன். அவளுடைய மானத்தை என் வாயால் இறக்கி வைத்தது போலிருந்தது. வழக்கு முடிந்தது. சின்யோரா கட்டிப்பிடிக்க வந்தாள், புவனம் நின்றுகொடுத்தாள். அடுத்த மாதம் வேறு வீட்டுக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

யன்னலடியில் சால்வோ வழக்கம்போல விரலை எடுத்தார். எடுத்த விரலை மடக்கவில்லை. “ஏற்றுக்கொள்கிறேன் என்பதற்கு முதல் ஒரு இடைவெளி இருந்தது. அது அவளுடையதா, உங்களுடையதா?”

“என்னுடையது.”

“அதை நான் எழுதவில்லை” என்றார். அன்றைக்குக் கோப்பிக்கு நான்தான் அவரைக் கூட்டிப்போனேன்.

பையனுடைய அலுவல் அதற்குப் பிறகும் வருசக்கணக்கில் இழுபட்டது. வன்னியிலிருந்து கொழும்புக்கு வரவே அனுமதி வேண்டும். ஸ்டூடியோப் படம் போய்ச் சேர்ந்ததோ, எந்தத் தபால் மூட்டையோடு நின்றதோ, தெரியாது. பிரெத்தூராவையே மூடுகிறார்கள் என்ற கதை வந்துவிட்ட நாள்களில் ஒருநாள் புவனம் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். “வாற கிழமை வாறான் அண்ணை. நீங்களும் வாருங்கோ. ஏதும் கேட்டால் எனக்கு வாய் வராது.”

விமான நிலையத்தில் எல்லோரும் வெளியே வந்து முடிந்த பிறகு, ஒரு விமானக் கம்பனிப் பெண் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மெல்லிய உயர்ந்த பையன், புவனத்தின் தோளுக்கு மேலே நின்றான். கழுத்தில் பத்திரங்கள் போட்ட பிளாஸ்டிக் பை. புவனம் ஓடவில்லை, நின்ற இடத்தில் நின்றாள். அவன் கிட்ட வந்து மரியாதையாகக் கைகூப்பி, “வணக்கம் அன்ரி” என்றான்.

கம்பனிப் பெண் பத்திரத்தைப் பார்த்துக்கொண்டு என்னிடம் கேட்டாள், கையெழுத்து வாங்க முதல் பிள்ளையிடம் கேட்கவேண்டுமாம். நான் அவனிடம் கேட்டேன். “தம்பி, இவ உம்முடைய அம்மாவோ?”

“இல்லை. அம்மா மல்லாவியிலை. இவ அன்ரி. அம்மா சொல்லிவிட்டவ, அன்ரியோடை இருக்கச் சொல்லி.”

கம்பனிப் பெண் என்னுடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் புவனத்தைப் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு யாரும் எதையும் நினைவூட்டவில்லை, சால்வோவும் அங்கே இல்லை, என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.

“சொல்லுங்கோ அண்ணை” என்றாள் புவனம். “பிள்ளை சொன்னதை அப்பிடியே சொல்லுங்கோ. அவன் வந்த முதல் நாளே அவனைப் பொய்க்காரன் ஆக்காதேங்கோ.”

சொன்னேன். அந்தப் பெண் பத்திரத்தை இன்னொரு முறை பார்த்தாள், புவனத்தின் முகத்தைப் பார்த்தாள், பையனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, முகச்சாயலே போதும் என்பதுபோல, பேனையை நீட்டினாள். தாய் என்று எழுதியிருந்த இடத்தில் புவனம் கையெழுத்து வைத்துவிட்டு, அவனுடைய பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

“பசிக்குதோ ராசா?”

“ஓம் அன்ரி” என்றான் பையன்.